சத்தம் போடாத தோட்டா

ஷெரீஃப் அலுவலகத்தில் போன் அலறியது.

ஜோலீன் ராஸ்க் காபியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"ஷெரீஃப் ஆபீஸ்..."

"ஜோலீன்... நான் வெர்ன் ஹால்வர்சன். நார்மைச் சுட்டுட்டேன்!"

"எந்த நார்ம்?"

"பக்கத்துப் பண்ணை நார்ம் கெஸ்லர். நரியைத்தான் குறி பார்த்தேன்... தெரியாம பட்டுருச்சு..."

"உயிர் இருக்கா?"

மறுமுனையில் அழுகை மட்டுமே வந்தது.

நார்ம் கெஸ்லர் வேலி ஓரம் மல்லாந்து கிடந்தார். வயோமிங் காற்று அவருடைய தொப்பியை எங்கோ தூக்கிப் போயிருந்தது. நெஞ்சின் நடுவில் ஒரே ஓட்டை.

ஜோலீன் திரும்பி வெர்னின் வீட்டைப் பார்த்தாள். நானூறு கஜம் இருக்கும்.

தெரியாமல் பட்ட குண்டு இத்தனை ஒழுங்காகவா படும்...?

வெர்னின் கராஜில் மூன்று பேர் நின்றார்கள். ஜோலீன், வெர்ன், அவன் மனைவி லொரெட்டா.

அலமாரி முழுக்கக் கோப்பைகள். நெடுந்தூரத் துப்பாக்கிப் போட்டியில் வெர்ன்தான் மாநில சாம்பியன். கிளப்பில் ஒரு விதி உண்டு. சுடுகிறவன் தன் தோட்டாவைத் தானே தயாரிக்க வேண்டும்.

"எந்தத் தோட்டாவால சுட்டே வெர்ன்?"

"போன அக்டோபர்ல மான் வேட்டைக்குப் பண்ணினது. மிச்சம் ட்ரக்கிலேயே கிடந்துச்சு."

"குண்டு வழுக்கி இறங்க, உறையோட கழுத்துக்குள்ள கிராஃபைட் தூள் போட்டியா?"

"மானுக்கு எவன் போடுவான்? அதெல்லாம் போட்டிக்கு!"

துப்பாக்கியில் இன்னும் ஒரு தோட்டா இருந்தது. ஜோலீன் அதை மேஜை மேலிருந்த, தோட்டா உறையில் குண்டை அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஸில் மாட்டினாள். குண்டு மயிரிழை ஆழம் இறங்கும்படி திருகைத் திருப்பினாள்.

வெர்ன் வெளுத்துப் போனான்.

"என்ன பண்றே ஜோலீன்?"

"நானும் துப்பாக்கி பிடிக்கிறவதான். தூள் போடாத தோட்டா மாசக்கணக்குல கிடந்தா, குண்டும் பித்தளைக் கழுத்தும் ஒண்ணையொண்ணு கடிச்சுப் பிடிச்சுக்கும். அழுத்தினா 'டக்'னு கத்தும். கேட்போமா?"

கைப்பிடியை இறக்கினாள்.

சத்தமே இல்லை!

எண்ணெய் போட்ட கீல் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது குண்டு. அதை உருவி எடுத்தாள். கழுத்துக்குள் கறுப்புத் தூள் மினுமினுத்தது.

"தூள் தடவறது, சுடற அன்னிக்குக் காலையில குண்டு வைக்கிறது... இது சாம்பியன் வழக்கமாச்சே. இன்னிக்குத்தான் போட்டி இல்லையே வெர்ன்! யாருக்காக வச்சே?"

வெர்ன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"இது விபத்து இல்லை. திட்டம் போட்ட கொலை. ஆயுசுக்கும் உள்ளே இருப்பே."

சொல்லும்போதே அவள் பார்வை அவன் விரல்களில் நின்றது. கிராஃபைட் கறுப்பு கையில் பட்டால் லேசில் போகாது. வெர்னின் விரல்களோ பளிச்சென்று இருந்தன.

"ஒண்ணு பண்ணு. மேஜை மேல கிடக்கிற காலி உறையில ஒரு குண்டு வச்சுக் காட்டு."

வெர்ன் உறையை எடுத்தான். குண்டைக் கழுத்தில் நிறுத்தினான். அது உருண்டு கீழே விழுந்தது. பொறுக்கி எடுத்து மறுபடி வைத்து அழுத்தினான். கோணலாக இறங்கியது.

"தூள்?"

"ஆ...?"

"தூள் போடவே இல்லையே சாம்பியன்!"

வெர்னின் காதுகள் சிவந்தன. கோப்பைகளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஜோலீன்... உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். கொலைன்னே எழுதிக்கோ. இதை மட்டும் கிளப்புல சொல்லிடாதே!"

"எதை?"

"எல்லாத் தோட்டாவும் லொரெட்டா பண்ணினது. ஆரம்பத்துலேர்ந்தே. எனக்கு ஒண்ணும் தெரியாது. இவ பண்றதை நார்ம் ஜன்னல் வழியா பார்த்துட்டான். கிளப் விருந்துல எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கிறேன்னு சிரிச்சான்... அதுக்கப்புறம் நான் எந்த முகத்தோட வெளியில வருவேன்?"

ஜோலீனுக்கே கூசியது. போன வருடக் கோப்பைக்கு எழுந்து நின்று கைதட்டியவள் அவள்.

"வெர்ன்."

லொரெட்டா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"'நான் சுட்டதா சொல்லிடறேன்'னு நீ சொன்னப்ப, என்னைக் காப்பாத்தத்தான்னு நினைச்சேன்."

அவன் நிமிரவில்லை.

"கோப்பையைக் காப்பாத்தவா?"

அப்போதும் அவன் நிமிரவில்லை.

லொரெட்டா ஏப்ரன் பைக்குள் இருந்து கைகளை எடுத்து நீட்டினாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன!

"சமையலறை ஜன்னல்லேர்ந்து சுட்டது நான்தான் ஜோலீன். இவன் மானம் போகக் கூடாதுன்னு ஒரு மனுஷனைக் கொன்னேன். நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. இத்தனை கோப்பையில ஒண்ணுல கூட என் பேர் இல்லை... அந்த ஒரு ஷாட்டையாவது என் பேர்ல எழுது!"

விலங்கு பூட்டிக்கொண்டது.

கார் கிளம்பும்போது வெர்ன் மூச்சிரைக்க ஓடி வந்தான். வீட்டுக்குள்ளே, லொரெட்டா அடுப்பில் வைத்த காபி தீய்ந்துகொண்டிருந்தது.

"ஜோலீன்! ஜோலீன்! லொரெட்டாவை எப்ப வந்து பார்க்கலாம்? ஞாயித்துக்கிழமை... போட்டி வேற இருக்கு..."

பின் சீட்டில் லொரெட்டா கண்களை மூடிக்கொண்டாள்.

ஜோலீன் கண்ணாடியை இறக்கினாள்.

"ஜெயில்ல பார்க்க விடறது காலையிலதான் வெர்ன். போட்டித் தோட்டாவுக்கு ரொம்பத் தோதான நேரம். ஆனா, பிரஸ்ஸை மட்டும் வாசல்லயே வச்சுட்டு வரணும்!"