மதியத்துக்குள் செத்த போன்

அலுத்துப்போன மனிதர்களை நிதானம் என்ற அந்தப் பெரியவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவரே அந்த ரகம்தான். துப்பறியும் தொழிலை விட்டுப் பல காலம் ஆகியும் ஊர் வைத்த 'நிதானம்' என்ற பட்டப்பெயரும் முழங்கால் வலியும் அவரை விட்டபாடில்லை. அன்று அவர் வெந்நீர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தபோது, மருமகள் ஒரு நர்ஸைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தாள்.

"வேலை போச்சு சார். ஏஜென்சியிலயும் என் பேரை அடிச்சிடுவாங்களாம். அப்புறம் எந்த வீட்லயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க" என்றாள் நர்ஸ். அழுது முடித்துவிட்ட குரல் அது.

விபத்தில் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்ட ஒரு இன்ஜினியரை அவள் கவனித்து வந்தாள். அவர் மணிக்கட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இவள் போன் அலறும். முந்தின வாரம் அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் தானாக எழப்பார்த்து விழுந்துவிட்டார். பொத்தானை அழுத்தியும் பயனில்லை. மாடியறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த மனைவி இறங்கி வரும்வரை, கை ஒடிந்து தரையிலேயே கிடந்தார்.

"காலையில முழுசா சார்ஜ் ஏத்தின போன் சார். மதியத்துக்குள்ள செத்துப்போச்சு. கைப்பைக்குள்ள தொட்டா சுடுது. நான் படம் பார்த்தே சார்ஜைத் தீர்த்தேன்னு மேடம் சொல்றாங்க. அன்னைக்குக் காலையில வைஃபை இழுத்துக்கிட்டு அவங்க மீட்டிங் விட்டு விட்டுப் போச்சாம். எனக்கு வைஃபை பாஸ்வேர்டே தந்ததில்ல சார். முதல் நாளே முடியாதுன்னுட்டாங்க."

மருமகள் அதற்குள் போனை வாங்கிக் குடைய ஆரம்பித்திருந்தாள். "மாமா! அன்னைக்குத் திரை எரிஞ்சதே கொஞ்ச நேரந்தான். படமெல்லாம் பார்க்கல. ஆனா காலையில ஒரு அப்டேட் இறங்கியிருக்கு. மூணு ஜிபி!"

"நான் போடல சார்! என் டேட்டா பேக்கே ஒரு நாளைக்கு ஒரு ஜிபி. அந்த அப்டேட் மாசக்கணக்கா நச்சரிக்கும், நான் தள்ளித் தள்ளி விட்டுடுவேன்."

"லாக் நம்பர் யாருக்குத் தெரியும்?" என்றார் நிதானம்.

"மறைச்சுப் போட்டதில்ல சார். ஐயாவுக்குப் பாட்டு வெச்சிட்டு, அவர் கட்டில் பக்கமே சார்ஜும் போட்டுட்டு, துணி துவைக்கப் போயிடுவேன்."

இன்ஜினியர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மருமகள் ஓயவில்லை. "அந்த மேடம்தான் மாமா. இவளைத் துரத்தத் திட்டம் போட்டிருக்காங்க."

"தன் மீட்டிங்கைத் தானே கெடுத்துக்கிட்டா? முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதேம்மா. கண்ணைத் திறந்து வெச்சிட்டு வா, போதும்."

இன்ஜினியரின் அறையில் மருந்து வாடை. கட்டிலருகே பிரித்து மறுபடி மூடிய டிவி ரிமோட் ஒன்று, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் சுற்றப்பட்டுக் கிடந்தது. நிதானம் அதைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். மேடம் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் போலிருந்தது. நர்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நிதானமே பேச்சைத் தொடங்கினார்.

"பெரிய அப்டேட் இறங்கினா போன் ரெண்டு மூணு நாளைக்கு உள்ளுக்குள்ள எல்லாத்தையும் அடுக்கிட்டிருக்கும். சூடாகும், பேட்டரியைக் குடிக்கும். பழைய பேட்டரின்னா மதியம்கூடத் தாங்காது. இந்தம்மா படம் பார்க்கல. சரி, அப்டேட்டைப் போட்டது யாரு? வைஃபை பாஸ்வேர்டு இவங்களுக்குத் தெரியாது. அது இந்த வீட்ல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் மாடியில மீட்டிங்ல திண்டாடிட்டிருந்தாங்க."

மேடம் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"இதைச் செஞ்சவருக்குக் கெட்ட எண்ணம் இல்ல" என்றார் நிதானம். "பழுதைக் கண்டா கை சும்மா இருக்காது. டூல் பாக்ஸ் இல்லேன்னா பிளாஸ்டரை வெச்சாவது ரிமோட்டைச் சரி பண்ற கை அது."

இன்ஜினியர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே பேசினார். "கார் சாவி போச்சு. டூல் பாக்ஸ் பரணுக்குப் போச்சு. ஒரு பல்பு மாட்டக்கூட என்னை விடறதில்ல. அந்தப் பொண்ணு எனக்கு எல்லாம் செய்யுது... நானும் அதுக்கு ஒண்ணு செய்யலாம்னு, திக்கித் திக்கி ஓடின அதோட போனுக்கு அப்டேட் போட்டேன். அதுவும் வினையாப் போச்சு. சொன்னா, இதுக்கும் நான் லாயக்கில்லைன்னு ஆயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். அதோட பொழப்பு போறதைப் பார்த்துக்கிட்டே மூடிக்கிட்டேன்."

மேடத்துக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏஜென்சிக்கு நான் இப்பவே பேசறேன். தப்பு எங்களோடதுன்னு சொல்லிடறேன்" என்று நர்ஸிடம் சொன்னார். "நீங்க திரும்பி வரணும்னு கேட்க எனக்கு முகமில்ல."

நர்ஸ் வாசலிலேயே நின்றாள். அவளுக்குக் கோபம் இருந்தது, இருக்காதா பின்னே? ஒரு வாரமாக அவள் திருடியைப் போலத் தலை குனிந்து நடந்திருக்கிறாள். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிதானம் அவளை ஒரு பார்வையில் அடக்கினார்.

"இப்ப எப்படி ஓடுது அந்த போன்?" என்று இன்ஜினியர் மெல்லக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

நர்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, கலைந்து கிடந்த அவர் தலையணையைச் சரி செய்தாள்.

"ரெண்டு நாள்ல சூடு அடங்கிடுச்சு சார்" என்றாள். "முன்னைவிட நல்லாவே ஓடுது."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.