கேமராவுக்குப் போட்ட பூட்டு

இடுப்பெலும்பு முறிந்த மனைவியோடு அந்தப் பழைய வாடகை வீட்டுக்கு வந்த அன்றே இன்டர்நெட் வாங்கினேன். அவளால் எழுந்து நடக்க முடியாது. நான் வேலைக்குப் போனால் வீட்டில் வேறு ஆள் இல்லை. படுக்கைக்கு எதிரே ஒரு கேமரா மாட்டினால் ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் மாட்டினேன்.

நாலாம் நாள் மதியம் போன் செய்தாள்.

"ஏங்க, கேமராவுல எவனோ பேசுறான். என் பேரைச் சொல்லி, இந்தப் பக்கம் திரும்புங்கிறான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. இணைப்பு கொடுத்த டெக்னீஷியனைப் பிடித்தேன்.

"பாஸ்வேர்டு மாத்தினியா, இல்லையா?"

"எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான் சார் போடுவோம்." சிரித்தான்.

"உன் பொண்டாட்டி படுத்திருந்தா இப்படிச் சிரிப்பியாடா?"

லீவு போட்டு நானே உட்கார்ந்து படித்தேன். ஐம்பது வயதில் ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம். நீளமான பாஸ்வேர்டு வைத்தேன். கேமராவுக்குத் தனி வைஃபை. வெளியிலிருந்து எதுவும் அதற்குள் வரக்கூடாது என்று ஃபயர்வாலில் கட்டளை போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரம் தீரவில்லை. கேமரா பக்கமிருந்து எதுவும் வெளியே போகவும் கூடாது என்று போட்டேன்.

"இனி எவன் வர்றான்னு பார்க்கிறேன்!"

"நீங்க கத்துற கத்துலயே ஓடியிருப்பான்" என்றாள். வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

மறுநாள், பட்டப்பகலில், அறைக்குள் ஒயர் கருகும் வாடை. சுவரில் நகம் உரசுவதுபோல ஒரு சத்தம்.

ஃபயர்வால் தடுத்ததையெல்லாம் குறித்து வைக்கும் பக்கத்தைத் திறந்தேன்.

வெளியிலிருந்து கேமராவுக்கு வரப் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

நூற்றுக்கணக்கான வரிகள். அத்தனையும் உள்ளிருந்து வெளியே போகப் பார்த்தவை.

கேமராவைப் பிடுங்கினேன். ஒயர் என் கையில் தொங்கியது.

வரிகள் நிற்கவில்லை; புதிதாக வந்துகொண்டே இருந்தன.

"ஏங்க…" மனைவி கிசுகிசுத்தாள். "தலைமாட்டுல நிக்கிறான்."

அங்கே யாரும் இல்லை. தலையணை மட்டும் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

வெளியே போகக்கூடாது என்று போட்ட கட்டளையை அழித்தேன். வரிகள் நின்றன. உரசலும் நின்றது.

"போயிட்டானா?" என்றாள்.

தலைமாட்டிலிருந்து, என்னைவிடக் கோபமாக, பதில் வந்தது.

"நீ பூட்டினா இருக்கணும், திறந்தா போகணுமாடா?"