நாற்பது நிமிடக் கடல்

தினமும் காலை ஆறு மணிக்கு அமலோற்பவம் கரையில் இறங்கி நீரை அளந்து எழுதுவாள். வெப்பம் கூடுதல், உயிர்க்காற்று குறைவு, அலை பூஜ்யம். பத்தொன்பது வருடங்களில் கடைசி எண் ஒருநாளும் மாறியதில்லை.

சார்டீனியத் தீவின் மேற்குக் கரையில் இருந்த சிற்றூர் அது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அடிவானத்தில் மஞ்சள் கோடு போலத் தெரிந்தவை அலைவாங்கிகள். வீட்டளவு பெரிய மிதவைகளைக் கீல் போட்டுப் பிணைத்திருந்தார்கள். வரும் அலையின் விசை முழுவதையும் அவை மின்சாரமாக்கிவிட்டு, தட்டையான தண்ணீரை மட்டும் கரைக்கு அனுப்பின. மத்தியதரைக் கடல் முழுக்க இதே ஏற்பாடுதான். எண்ணெயும் நிலக்கரியும் தடைசெய்யப்பட்ட பிறகு அலைகள் கடல்மின் வாரியத்தின் சொத்தாகிவிட்டன. அனுமதியின்றிக் கரைக்கு அலையை விடுவது குற்றம்.

அமலோற்பவம் மணப்பாட்டில் பிறந்தவள். நடக்கப் பழகிய கையோடு சறுக்குப்பலகையில் நிற்கவும் பழகியவள். இருபத்தைந்து வயதில் மிதவைகளைப் பராமரிக்கும் பொறியாளராக இங்கே வந்து, அலைகளைத் தின்னும் இயந்திரத்துக்கு மசகு போட்டுச் சம்பளம் வாங்கினாள். அசையாத கடல் அழுகிக்கொண்டே வந்தது. மீன்கள் செத்து ஒதுங்கின. நாற்றம் தாங்காமல் குடும்பங்கள் வெளியேறின. கடைசியில் வாரியம் ஒரு முடிவெடுத்தது. விரிகுடாவைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு, மிச்சமிருக்கும் எண்ணூறு பேரையும் மலைக்கு அந்தப்பக்கம் குடியேற்றுவது.

ஏழு மிதவைகளை மடக்கி அலையை உள்ளே விட்டால் இந்தத் தண்ணீர் பிழைத்துக்கொள்ளும் என்று அமலோற்பவம் பதினொரு மனுக்கள் எழுதினாள். பன்னிரண்டாவதற்குப் பதில் வந்தது. நாற்பது நிமிடம் திறக்கலாம். ஆனால் இழக்கும் மின்சாரம் ஊரின் பங்கிலிருந்து கழிக்கப்படும்; அந்த நேரம் ஊருக்கு மின்சாரம் கிடையாது. அலை மனிதர்களைக் கொல்லாது என்பதற்கு ஒருவர் அதில் இறங்கி ஏறிவந்து காட்ட வேண்டும். அவர் ஏறிவராவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

"ஆகஸ்ட் மாதத்தில் குளிரூட்டி இல்லாமல் இருக்கச் சொல்கிறாயா?" என்று கேட்டாள் ஊர்த் தலைவி கார்மேலா. "என் அப்பாவை அலைதான் கொண்டுபோனது. அது அடங்கிய அன்று நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன்."

"என் சித்தப்பாவும் கடலில்தான் போனார். அதற்காகக் கடலை மூடிவிடலாமா?" என்றாள் அமலோற்பவம்.

ஊர் வாக்கெடுப்பில் ஆறு வாக்கு வித்தியாசத்தில் சம்மதம் கிடைத்தது. கார்மேலா எதிர்த்துத்தான் வாக்களித்தாள்.

வடமேற்குக் காற்று மூன்று நாள் வீசி ஓய்ந்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு நேரம் குறித்தார்கள். மிதவைக் கட்டுப்பாட்டு அறையில் அமலோற்பவத்தின் தம்பி மனைவி விஜிலா இருந்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த வானொலியில் அவள் குரல் வந்தது.

"மைனி, உங்களுக்கு நாப்பத்திநாலு வயசு. தோள்பட்ட தாங்குமா?"

"தாங்காட்டி முங்கி எந்திக்கேன். நீ தொறடி."

மின்சாரம் நின்றது. பத்தே நிமிடத்தில் வீடுகள் அடுப்பாகிவிட, ஜனங்கள் திட்டிக்கொண்டே நாற்காலிகளோடு கரைக்கு வந்தார்கள். தூரத்தில் மஞ்சள் கோட்டில் ஓர் இடைவெளி விழுந்தது. அதன் வழியே கருநீலமாக ஒரு மேடு உள்ளே வந்தது. மணல்திட்டில் கால் தட்டியதும் அது எழுந்து, இடியோசையோடு உடைந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வளர்ந்தவர்களிலும் பலர் ஓடினார்கள்.

அமலோற்பவம் பலகையில் குப்புறப் படுத்துத் துழாவினாள். தோள்கள் எரிந்தன. முதல் அலை அவளைத் தூக்கி, தலைகீழாக அடித்தது. பலகை தாடையில் மோதி ரத்தம் வந்தது. கரையிலிருந்த வாரிய அதிகாரி இலாரியா "போதும், மூடச் சொல்லுங்கள்!" என்று கத்தினாள். அமலோற்பவம் நீருக்குமேல் கையை உயர்த்தி, இல்லை என்று ஆட்டினாள். இரண்டாவது அலை அவளுக்குக் கீழே நழுவிப்போனது.

மூன்றாவது வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு துழாவல், மூன்று. பலகையின் வால் எழும்பியது. அவள் எழுந்து நின்றாள். முழங்கால்கள் தாமாகவே மடங்கின. இடப்பக்கம் பச்சைக் கண்ணாடிபோல் ஒரு சுவர் எழுந்து அவளுக்கு முன்னால் நீண்டுகொண்டே போக, அவள் அதில் விரல்களால் கோடு கிழித்துக்கொண்டு போனாள். எண்பது மீட்டர். அத்தனை வருடமும் நெஞ்சில் அடைத்திருந்தது ஒரு கூவலாக வெளியே வந்தது. ஒரு கணம் கழித்து, கரையும் கூவியது.

முழங்கால் ஆழத்தில் அவள் இறங்கி நின்றாள். நிபந்தனை முடிந்தது, ஏறிவந்துவிடலாம். அவள் பலகையைத் திருப்பிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

ஆறாவது அலையின்போது ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி முதல் ஆளாக நுரைக்குள் பாய்ந்தாள். அதன்பிறகு கணக்கில்லை. சட்டையோடும் பாவாடையோடும் ஊரே விழுந்து எழுந்து சிரித்தது. இலாரியா தன் கருவியை மூன்று தரம் பார்த்தாள். உயிர்க்காற்றின் அளவு ஏறிக்கொண்டே இருந்தது.

அமலோற்பவம் மூச்சிரைக்கக் கரையேறியபோது வானொலி பேசியது.

"நாப்பது நிமிசம் ஆச்சு மைனி. மூடணும்."

கார்மேலா இடுப்புவரை நனைந்து வந்தாள். முகத்தில் வழிந்தது கடல்நீரா வேறா என்று தெரியவில்லை. அமலோற்பவத்தின் கையைப் பிடித்து வானொலியைத் தன் வாயருகே இழுத்தாள். அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கள் ஊருக்குரிய மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா?"

இலாரியா கருவியைப் பைக்குள் வைத்தாள். "உண்டு. எழுத்தில் தரவேண்டும்."

"எழுதித் தருகிறேன்." கார்மேலா வானொலிக்குள் பேசினாள். "மூடாதே, மகளே."

"எவ்வளவு நேரத்துக்கு?" என்றாள் விஜிலா.

கார்மேலா திரும்பிப் பார்த்தாள். அடுத்த அலை எழுந்துகொண்டிருந்தது. அதை நோக்கி அவளுடைய ஊர் கைகோத்து ஓடியது.

"அலை ஓயும்வரைக்கும்."