கரையில் மிஞ்சிய கயிறு

1942 ஏப்ரல் ஒன்பதாம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன. கப்பல்களுக்கு ஆள் ஏற்றும் யோகலிங்கத்தின் வள்ளம் கரைக்குத் திரும்பவில்லை.

மறு ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிறு மாலை, அவன் மனைவி கோணேஸ்வரி கந்தளாய்க் குளத்தில் மார்பளவு நீரில் நின்றபோது ஒரு வாய் விழுங்கிவிட்டாள். உப்புக் கரித்தது.

"ரபீக்கா, தண்ணி கரிக்குது."

நகரைவிட்டு ஓடிவந்தவளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த ரபீக்கா, அணைக்கட்டில் கோணேஸ்வரியின் சின்ன மகளை மடியில் வைத்திருந்தாள். "குளத்துத் தண்ணி எங்க கரிக்கும்? பயத்தில வேர்த்து அதையே குடிக்கிறீங்க அக்கா. முதலை வந்தா என்ன செய்வீங்க?"

"அதுக்கும் நீந்தக் காட்டிக் குடுப்பன்."

ஞாயிறுகளில் சோறு கட்டிக்கொண்டு குளிக்க வரும் குடும்பங்களும், தூண்டில் போடும் நீர்ப்பாசன வேலை ஓவசியர்மாரும் அன்று நேரத்தோடு போய்விட்டார்கள். கோணேஸ்வரி போகவில்லை. தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவள் என்று யோகலிங்கம் கேலி செய்வான். வள்ளத்தில் நின்றபடி கயிற்றை இரண்டு தரம் சுண்டி இழுத்து, 'ஏறி வா' என்பான். அவள் ஒருநாளும் ஏறியதில்லை. இப்போது மகளுக்கு அவள் மட்டும்தான். இனி எந்தத் தண்ணீருக்கும் பயப்படுவதில்லை என்றுதான் நீந்தப் பழகினாள். துறைமுகக் கரையில் மிஞ்சிக் கிடந்த அவனுடைய கயிற்றின் ஒரு நுனி அவள் இடுப்பில், மறுநுனி அணைக்கட்டு மருதமரத்தில்.

கைகளை வீசிக் கொஞ்சத் தூரம் போனாள். காற்று நின்றது. நீர்க்காகங்கள் சத்தமில்லாமல் எழுந்து போக, தாமரை இலைகளுக்கிடையிலிருந்து, துறைமுகம் அன்றைக்கு மணந்ததுபோல, எரிந்த எண்ணெயின் வாடை மெல்ல மெல்ல வந்து நாக்கில் படிந்தது. கால் தரையைத் தேடியது. தரை இல்லை.

கயிறு அசைந்தது. இரண்டு தரம்.

"இப்ப இழுக்காத, ரபீக்கா!"

"நான் கயிறைத் தொடவே இல்லையே அக்கா!"

திரும்பிப் பார்த்தாள். ரபீக்காவின் இரண்டு கைகளும் குழந்தையை அணைத்திருந்தன. கயிறு மரத்திலிருந்து நீரில் இறங்கி, கோணேஸ்வரியைத் தாண்டி, ஆழத்துக்குப் போய், அங்கிருந்து அவள் இடுப்புக்கு வந்தது.

மறுபடி இரண்டு தரம். இடுப்பு இறுகியது. வாய்க்குள் உப்பு.

"நான் வரமாட்டன்," என்றாள், நீரைத் துப்பி. "பிள்ளை இருக்கு. விடுங்கோ."

இழுத்தது.

"விடுங்கோ எண்டு சொல்லுறன்!"

ஈர முடிச்சு. நகம் பெயர்ந்தது. அவிழ்ந்தது. கயிறில்லாமல், முதல் தடவையாக, நீந்தினாள். கை. மூச்சு. கை. சேறு. கல். மகளின் அழுகை.

அணைக்கட்டில் ஏறித் திரும்பினாள். யாரும் பிடிக்காத கயிறு மருதமரத்திலிருந்து நடுக்குளத்தை நோக்கி நாண்போல விறைத்து நின்றது. காற்றில்லாமலே இலைகள் நடுங்கின.

"வெட்டிவிடுவம் அக்கா."

"வேண்டாம். பயந்து வெட்டினன் எண்டு நினைப்பார்."

அடுத்த ஞாயிறும் கயிறு விறைத்தே இருந்தது. கட்டிய இடத்தில் மரப்பட்டை உரிந்திருந்தது. கோணேஸ்வரி அதற்குப் பக்கத்தில் இறங்கி நீந்தினாள்.