எழுந்து நின்றவர்கள்

அவள் உட்கார்ந்ததும் பின்னால் யாரோ எழுந்தார்கள்.

நாற்காலிக் கால் தரையில் உராயும் சத்தம். ஒரு வாசிப்பறையில் அதைவிடச் சாதாரணமான சத்தம் இருக்க முடியாது என்பதால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையையும் பேனாவையும் வெளி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, பென்சிலும் கைப்பேசியும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். ஆவணக் காப்பகத்தின் விதி அது. கேட்டிருந்த பெட்டி மேசைமேல் காத்திருந்தது. மூடியைத் தூக்கியபோது பழைய காகிதத்தின் புளித்த வாடையும் பூச்சிமருந்தின் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறின. உள்ளே இருந்த புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் வைத்துக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் இன்னொரு நாற்காலி உராய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கம் ஒன்று.

மதியம் நிமிர்ந்து பார்த்தபோது அறையில் ஒருவரும் இல்லை. நீள மேசைகளும், கூரையிலிருந்து தொங்கிய வெள்ளை விளக்குகளும், எழுந்து போனவர்கள் தள்ளிவிட்ட கோணத்திலேயே நின்ற நாற்காலிகளும்தான் இருந்தன. நான் வந்தால் ஊரே எழுந்து போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். கல்லூரியில் அவள் நடத்தும் வரலாற்று வகுப்புக்கும் ஏறக்குறைய இதே மரியாதைதான் கிடைத்தது.

ஒரு காலத்தில் இது ஊரின் பொது நூலகம். பொது என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர, ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தவர்கள் இந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. அவர்களுக்குப் புத்தகம் வேண்டுமானால் பின்வாசலில் நின்று கேட்க வேண்டும், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒரு கோடையில் அக்கரைப் பிள்ளைகள் சிலர் முன்வாசல் வழியாக நுழைந்து, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு இதே மேசைகளில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு சட்டம் மாறியது. அந்தக் கூட்டத்தில் அவளுடைய அப்பாவும் இருந்தார், பள்ளி முடித்திராத பையன். அவருடைய அண்ணனும் இருந்தார். அப்பா வீட்டுக்கு வந்தார். பெரியப்பா வரவில்லை. 'கலைந்து சென்றனர்' என்றது காவல்துறை. பெரியப்பா ஊரைவிட்டு ஓடிப்போனார் என்று வழக்கை மூடினார்கள்.

'ஓடிப்போனார்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பொய்யென்று நிரூபிக்கத்தான் அவள் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் ஒரு வேடிக்கை சொல்லி நழுவிவிடுவார். "எனக்கு ரோடு மட்டும்தான் தெரியும் டீச்சரம்மா, வரலாறெல்லாம் உங்க டிப்பார்ட்மெண்ட்" என்பார்.

அந்த நாளின் புகைப்படங்களை எடுத்தவன் ஒரு பத்திரிகைக்காரன். நடைகூடத்தில் நின்று, இந்த அறையின் கண்ணாடிக் கதவுகள் வழியாக எடுத்திருந்தான். உள்ளே குனிந்து வாசிக்கும் இளம் தலைகள். அவர்களைச் சுற்றி, தள்ளி விடப்பட்ட காலி நாற்காலிகள். கோடு போட்ட சட்டையில் பெரியப்பா. பக்கத்தில் காது மட்டும் பெரிதாகத் தெரிந்த அப்பா. அவள் அவர்களைத்தான் முதலில் பார்த்தாள். நெடுநேரம் கழித்துத்தான் கண்ணாடியில் விழுந்திருந்த பிம்பத்தைப் பார்த்தாள். படம் எடுத்தவனுக்கு இருபுறமும் தோளோடு தோளாக ஆட்கள் நின்றிருந்தார்கள்.

சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது காப்பாளரிடம் கேட்டாள். ஓயாத ஜலதோஷமும் ஓயாத சலிப்பும் கொண்ட மனிதர்.

"இங்க தினமும் நிறையப் பேர் படிக்க வருவாங்களா சார்?"

"யாரு வர்றா? இந்த மாசம் நீங்க ஒருத்தர்தான். உங்களுக்காகத்தான் இந்த ரூமையே திறந்தேன்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "நானே கேக்கணும்னு இருந்தேன். உக்கார ஒரு நாற்காலி போதாதா உங்களுக்கு? இனி அத்தனையையும் உள்ள தள்ளிட்டுப் போறதுக்குள்ள என் இடுப்பு கழண்டு போயிடும்."

அவள் திரும்பி அறையைப் பார்த்தாள்.

"வேற பெட்டி கேளுங்க, சந்தோஷமா எடுத்துத் தர்றேன்," என்றார் அவர். "இதை எதுக்கும்மா கிளறிக்கிட்டு? புத்தகம் கேட்டவங்களும் போயாச்சு, தர மாட்டேன்னவங்களும் போயாச்சு."

மறுநாள் அவள் கடைசி மேசைக்கு மாறி, சுவரில் முதுகு படும்படி உட்கார்ந்தாள். எல்லா நாற்காலிகளையும் முதலில் தானே உள்ளே தள்ளி வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் அசையவில்லை. படத்தின் மீது குனிந்தால் போதும், எங்கோ ஒன்று உராயும். நிமிர்ந்தால் ஒரு நாற்காலி மட்டும் வெளியே வந்திருக்கும். வாடைகளும் வரத் தொடங்கின. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையின் வாடை, சவரச் சோப்பு, பெட்டியில் கிடந்த பட்டுத்துணி, புகையிலை. எல்லாம் சுத்தமான, மரியாதையான வீடுகளின் வாடைகள், ஒவ்வொன்றும் அவள் பக்கமாக வந்து, நின்று, சட்டென்று விலகிப் போனது. ஒருமுறை காதுக்கு மிக அருகில் யாரோ நாக்கால் 'ச்சு' என்றார்கள். சாப்பாட்டில் முடி கிடந்தால் எழுகிற சத்தம். அவள் தன்னையறியாமல் தலையைச் சாய்த்துத் தன் தோள்பட்டையை முகர்ந்து பார்த்தாள். பிறகு, அப்படிச் செய்ததற்காகத் தன்மீதே வந்த கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான், பெட்டியின் அடியில், பெரியப்பா மேசையில் இல்லாத முதல் படம் கிடைத்திருந்தது. நாற்காலி காலி. புத்தகம் திறந்து கிடந்தது. அப்பாவின் முகம் கதவைப் பார்த்திருந்தது. இதற்கு அடுத்த படம் ஒன்று இருக்க வேண்டும். உங்களுக்குப் பயந்து நான் எழுந்து போக மாட்டேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அடுத்த பெட்டியைக் கேட்டாள்.

பிற்பகலில் மழை பிடித்தது. உயரத்தில் இருந்த சன்னல்கள் இருண்டன. காப்பாளர் குடையோடு வந்து நின்றார்.

"தலைமை அலுவலகத்துல கூப்பிட்டு விட்டுட்டாங்க. நீங்க பாருங்க. ஆனா கதவ வெளியில பூட்டிட்டுத்தான் போகணும், பெட்டி திறந்து கிடக்குதுல்ல. விதி அப்படி."

"சீக்கிரம் வந்துடுவீங்களா?"

"மழை விட்டா வந்துடறேன். ஓடியா போயிடப் போறீங்க?"

சாவி திரும்பியது. அவருடைய செருப்புச் சத்தம் நடைகூடத்தில் தேய்ந்து மறைந்தது. மழையின் ஒரே சீரான இரைச்சலும், ஒரு விளக்கின் 'ம்ம்' என்ற முனகலும், அவள் பென்சில் காகிதத்தில் நகரும் கிசுகிசுப்பும் மிச்சமிருந்தன.

பிறகு எல்லா நாற்காலிகளும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன.

அறை முழுக்க ஒரே உராய்வு. பல்லைக் கூசவைக்கும் நீண்ட உராய்வு. அவள் காதைப் பொத்தினாள். அடுத்து காலடிகள். அவசரமில்லாத காலடிகள், இருபுறமும் அவளைத் தாண்டி, பூட்டிய கதவை நோக்கிப் போயின. கதவு திறக்கவில்லை. ஆனால் காலடிகள் இப்போது வெளியே கேட்டன.

நின்றன.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

கண்ணாடிக்கு அப்பால் நடைகூடம் நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், கக்கத்தில் புத்தகம் வைத்தவர்கள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள். தெருவில் பார்த்தால் யாரும் வணக்கம் சொல்லக்கூடிய முகங்கள். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. தரையில் சிந்திய அசிங்கத்தை யாராவது வந்து துடைக்கட்டும் என்று ஒதுங்கி நிற்பவர்களின் பொறுமைதான் இருந்தது. அத்தனை கண்களும் அவள்மீது.

அவள் கைப்பேசியில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்ன டீச்சரம்மா, வேலை நேரத்துல?"

"அப்பா. நூலகத்துல இருக்கேன். பழைய ரூம்ல. கதவு பூட்டியிருக்கு. வெளியில..." குரல் உடைந்தது. "வெளியில ஆளுங்க நிக்கிறாங்கப்பா. சும்மா பாத்துக்கிட்டே நிக்கிறாங்க."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் அணைந்தது. அவர் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.

"கதவைத் தட்டினியா?"

"இல்ல."

"தட்டாத. கிட்டயே போகாத." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "நாங்க உக்காந்ததும் அவங்க எழுந்தாங்கம்மா. கெளம்புறாங்கன்னு நெனச்சோம். ஜெயிச்சுட்டோம்னு அண்ணன் என் தொடையில கிள்ளினான். அவங்க போகல. வெளிய போய்ப் பூட்டிட்டு நின்னாங்க. சன்னலையும் வெளியிலேர்ந்து சாத்திட்டாங்க. என்னா வெயில் அது! கூட வந்த பொண்ணு ஒண்ணு மயங்கி விழுந்துடுச்சு. அண்ணன் போய்த் தண்ணி குடுங்கன்னு கதவைத் தட்டினான்."

"அப்புறம்?"

"திறந்தாங்க. அவன் வெளிய போனான். திரும்பப் பூட்டிட்டாங்க. அதுவரைக்கும் எங்களையே பாத்துக்கிட்டிருந்தவங்க, அப்போ எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாங்க. அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரிஞ்சது அவங்க முதுகு மட்டும்தான்மா. ஒரு சத்தம் வரல. அவன் கத்தியிருந்தாலாவது..." நிறுத்திக்கொண்டார். "இரு. நான் வர்றேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். முழங்கால் வலியோடு, இந்த மழையில், அவர் ஏறெடுத்தும் பார்க்காத இந்தக் கட்டடத்துக்கு. அவள் சொன்னது வேறு.

"சீக்கிரம் வாங்கப்பா."

மேசையின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எழக்கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. வெளியே கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. பின்னாலிருந்தவர்கள் நெருக்க, முன்னாலிருந்தவர்கள் கண்ணாடியோடு அழுந்தினார்கள். கன்னங்கள் தட்டையாயின. ஒரு பெண்ணின் மூக்குத்தி கண்ணாடியில் கீறியது. கண் இமைக்கவில்லை. மூச்சில் கண்ணாடி மங்கவுமில்லை. சவரச் சோப்பு வாடை. கஞ்சி வாடை. விளக்கு ஒருமுறை சிமிட்டியது. மீண்டும் எரிந்தபோது இன்னும் அதிகம் பேர். கதவின் மேல்கண்ணாடியில்கூட முகங்கள். எதன்மீது ஏறி நிற்கிறார்கள்? யோசிக்காதே. மழை. மழையைக் கேள்.

கைப்பேசி ஒலித்தது.

"வந்துட்டேன்மா. ஆட்டோக்காரன் பறந்துட்டான். வாசல்ல வாட்ச்மேன்கூட இல்ல." இரைத்தார். அவருடைய நனைந்த செருப்பின் சளக் சளக் சத்தம் கைப்பேசிக்குள்ளும் கேட்டது, கட்டடத்துக்குள்ளும் கேட்டது. "அதே நடைகூடம்தானே? சுண்ணாம்பு மட்டும் புதுசா அடிச்சிருக்கான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருவதற்கு வேறு வழி இல்லை.

"அப்பா, வராதீங்க! திரும்பிப் போங்க!"

"என்னம்மா? மழையில ஒண்ணும் கேக்கல."

"போயிடுங்கப்பா!"

எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. கதவுக்கு ஓடி, கைப்பேசியைக் காதில் அழுத்தியபடி மறுகையால் கண்ணாடியை அறைந்தாள். அழுந்தியிருந்த முகங்களுக்கு நடுவே, தலைகளுக்கிடையில் இருந்த சின்ன இடுக்கில், நடைகூடத்தின் கடைசியில் அப்பா தெரிந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அவளைப் பார்த்துவிட்டார். சிரித்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கி, பேருந்தை நிறுத்துகிறவர் போல் ஆட்டினார்.

"இங்க ஒருத்தரையும் காணோமே டீச்சரம்மா," என்றது காதில் அவர் குரல். "பயந்தே போயிட்டேன்."

கண்ணாடியிலிருந்து முகங்கள் விலகின. ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். கொண்டைகள். கஞ்சி போட்ட காலர்கள். ஒழுங்காக வெட்டிய பிடரிகள்.

முதுகுகள்.

அவள் கத்தினாள். கண்ணாடியில் அறைந்தாள். ஒருவரும் திரும்பவில்லை.

நனைந்த செருப்புச் சத்தம் நின்றது.

கைப்பேசியில் அப்பாவின் குரல் வந்தது. தாழ்ந்து, ரொம்ப மரியாதையாக, பள்ளிப் பையனின் குரலாக.

"கொஞ்சம் வழி விடுங்க சார். எம் பொண்ணு உள்ள இருக்கா."

பதில் இல்லை. வேறு சத்தமும் இல்லை. முதுகுகள் நெருங்கின. தோளோடு தோள் ஒட்டின. நடைகூடம் சுவரிலிருந்து சுவர்வரை அடைபட்டது. அவர்கள் தலைகளுக்கு மேலே அப்பாவின் கை மட்டும் இன்னும் தெரிந்தது, அவளைப் பார்த்து ஆட்டிய அதே கை, விரல்கள் விரிந்தபடி, ஆடாமல்.