சொதி திரிந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பிரம்மநாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகள் மதுமதி தலைசீவி, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் அப்பா ஞானசம்பந்தன் சொல்லிவிட்டார், இனிமேல் கோடிங் கிளாசும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று.

எல்லாம் சொதியால், ஒரு தேங்காய்ப்பால் குழம்பால் வந்த வினை!

போன வாரம் அவருடைய அக்கா தனலட்சுமியின் மகளுக்குக் கல்யாணம். புருஷன் போன பிறகு அக்கா மகளோடு இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீடு. விக்கிரமசிங்கபுரத்துச் சம்பந்திமார் முதன்முதலாகப் பெண் வீட்டில் கை நனைக்கிற நாள். கல்யாணச் சமையலுக்கு எத்தனை தவசுப்பிள்ளை வந்தாலும், மறுவீட்டுச் சொதியை மட்டும் இந்த வீட்டில் வெளியாள் கையில் விடமாட்டார்கள். பிரம்மநாயகிதான் வைத்தாள். கடைசியாகத் தேங்காயின் முதல் பாலை ஊற்றி இளஞ்சூட்டில் விட்டுவிட்டு, மகளைக் கிளாசுக்கு ஆட்டோவில் ஏற்றிவிடத் தெருமுனைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், சொதி முழுக்கத் திரிந்து கிடக்கிறது.

சம்பந்தியம்மா இலையில் ஊற்றியதைத் தொடவே இல்லை. அதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்? அத்தனை பேர் முன்னால் தனலட்சுமி அழுதாள். "அடுப்பை விட்டுட்டு கிளாசு கிளாசுன்னு தெருவுக்கு ஓடுனா, வேற என்ன ஆகும்..."

மேடையில் பிழிந்த எலுமிச்சம்பழத் தோல் கிடந்ததைப் பிரம்மநாயகி பார்த்திருந்தாள். சொதியை இறக்கிவைத்த பிறகுதான் பழம் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துவிடும். இந்த வீட்டில் பழம் பிழிகிற கை மூத்தவள் தனலட்சுமி கைதான், அது வழக்கம். தன் கையாலேயே தன் மகள் விருந்தைக் கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் மதினி தாங்குவாளா? பழி நம் தலையோடு போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

அது இப்போது பிள்ளை தலையில் அல்லவா வந்து விடிந்திருக்கிறது! ஒரு கணக்குத் தப்பினால் பென்சிலை வீசிவிட்டுத் தரையில் புரண்ட பிள்ளை இது. கிளாசுக்குப் போன பிறகுதான் ஆளே மாறினாள். பூனை ஒன்று தேர் இழுக்கிற விளையாட்டு, லேப்டாப்பில் அவளாகச் செய்தது. முதல் தடவை தேர் பின்னால் போயிற்று. அழவே இல்லை. எழுதிய கட்டளைகளை மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தப்பு இருந்த இடத்தைப் பிடித்துச் சரிபண்ணினாள். அந்த முகத்தை நினைத்தபோது பிரம்மநாயகிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று மதினியைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மதுமதி பையை இறக்கி வைத்தாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை தனலட்சுமி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, சொதி எந்த இடத்துல திரிஞ்சுதுன்னு பாப்பமா?"

"அதுல என்னட்டி பாக்கதுக்கு இருக்கு? எல்லாம் உங்கம்மையாலதான்."

"யாருன்னு கேக்கல அத்தை. எங்க மிஸ் யாருன்னு கேக்கவே விடமாட்டாங்க. எந்த இடம்னுதான் கேக்கணும்."

இந்த வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்தாலும் முதல் கேள்வி யார் என்பதுதான். தனலட்சுமி நறுக்குவதை நிறுத்திப் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையோ விடுவதாக இல்லை. மூன்றாம் பாலில் காய் வெந்ததா, இரண்டாம் பால் எப்போது, முதல் பால் எப்போது என்று அம்மாவிடம் வரிசையாகக் கேட்டாள். பிரம்மநாயகி போதும் விடு என்று தடுத்துப் பார்த்தாள். அதற்குள் தனலட்சுமியே சொன்னாள், அடுத்து நான் பழம் பிழிந்தேன் என்று.

"இறக்கி வச்ச பொறவா, அத்தை?"

"இறக்கல... ஆனா அடுப்புல தீயே இல்லியே. அணைச்சாச்சுன்னுலா..."

தனலட்சுமி மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்யாண வேலைக்கென்று புதிதாக வாங்கிய கரண்ட் அடுப்பு மேடையில் கறுப்பாகப் படுத்துக் கிடந்தது.

"அதுல தீ தெரியாது அத்தை," என்றாள் மதுமதி, பூனையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்.

தனலட்சுமியின் கண் பிரம்மநாயகியிடம் போயிற்று. "பழத்தோலு அங்கனதான கெடந்துச்சு. நீ பாத்தல்லா? ஏன்ட்டி சொல்லல?"

"உங்க மக விருந்து மதினி... சம்பந்தி முன்னால உங்களை எப்படி விட்டுக்குடுப்பேன்?"

அவ்வளவுதான். அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து பிரம்மநாயகியைக் கட்டிக்கொண்டு அழுதாள் தனலட்சுமி. கண்ணைத் துடைக்காமலே போனை எடுத்து விக்கிரமசிங்கபுரத்துக்குப் போட்டாள். பிரம்மநாயகி போனைப் பிடுங்கப் போனாள், விடவில்லை.

"சம்பந்தி, அன்னைக்குச் சொதியைக் கெடுத்தது என் கைதான். என் தம்பி பொண்டாட்டி மேல ஒரு குத்தமும் கெடையாது. வார ஞாயித்துக்கெழமை எல்லாரும் வாங்க, அவ கையால சாப்பிடணும்."

அந்தப் பக்கம் சம்பந்தியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த மாதிரி அடுப்பு அவர்கள் வீட்டிலும் பாலைப் பொங்க விட்டிருக்கிறதாம்.

ஞானசம்பந்தன் பேப்பரை மடித்து வைத்தார். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், கிளாசுக்கு நேரமாகிறது என்று ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

"நில்லுலே, நான் கொண்டுபோய் விடுதேன்," என்றாள் தனலட்சுமி. "அந்த மிஸ்ஸை நான் பாக்கணும்."

அத்தையும் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் பையப் போவதைப் பிரம்மநாயகி வாசலில் நின்று பார்த்தாள். இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து அவள் அழுததெல்லாம் அடுப்படியில், யாருக்கும் தெரியாமல். இன்றைக்குத் தெருவாசலில் நின்று, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.