கட்டில் இருந்த இடம்

தச்சர் ஆளுயரப் புது விளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலிலிருந்து ஜன்னலுக்கு நேராக நடந்திருக்கலாம். கூடத்தில் தடுக்க எதுவும் இல்லை; சோபா இல்லை, அலமாரி இல்லை, சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. ஆனாலும் அவர் நடுக்கூடத்தில் எதையோ இடித்துவிடப் போகிறவர்போல உடம்பை ஒடுக்கி, சுவரோரமாகச் சுற்றிப் போய்த்தான் விளக்கை மூலையில் நிறுத்தி வைத்தார்.

"ஏன் அண்ணே சுத்திப் போறீங்க?"

"சுத்தியா போனேன்?" அவர் திரும்பிப் பார்த்தார். "பழக்கம் போல, மேடம்."

சொல்லிவிட்டு அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டீ வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். என்ன பழக்கம்? கட்டிலைப் பிரித்து எடுத்துப்போக வந்ததைத் தவிர, அவர் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை.

ஊரார் வீடுகளை அழகுபடுத்துவது அவள் தொழில். எந்தச் சுவருக்கு எந்த நிறம், எந்த மூலையில் எந்த நாற்காலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். விளக்கடியில்தான் இருட்டு என்பார்களே, தன் வீட்டை மட்டும் அவள் தொட்டதில்லை. கணவர் படுக்கையில் விழுந்ததும் கூடத்தின் நடுவே கட்டில் வந்தது, அதைச் சுற்றி மருந்தும் துணியும் வாளியும் சேர்ந்தன. அவர் போன பிறகு, அந்தக் கட்டிலைத் தாண்டிச் சமையலறைக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது. தங்கைதான் போனில் சொன்னாள்: "எத்தனை பேர் வீட்ட மாத்திக் குடுத்திருக்க. உன் வீட்டையும் மாத்துக்கா. எல்லாத்தையும் தூக்கிப் போடு."

தூக்கிப் போட்டாள். புதுமணத் தம்பதிகள் ஆசையாகக் கேட்கும் மினிமல் பாணியையே தனக்கும் எடுத்துக்கொண்டாள்: வெள்ளைச் சுவர்கள், சுவருக்குச் சுவர் சாம்பல் நிறக் கார்பெட், மூலையில் ஒற்றை விளக்கு. அவர்கள் வீடுகளில் அந்த வெறுமை நிம்மதியாகத் தெரியும். இங்கே அவள் தும்மினால்கூட அது நாலு சுவரிலும் முட்டி அவளிடமே திரும்பி வந்தது.

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம் கார்பெட்டின் மேல் சரிவாக விழுந்தபோது, நடுக்கூடத்தில் நாலு குழிகள் தெரிந்தன. மண்டியிட்டு, அமுங்கிய இழைகளை உள்ளங்கையால் நீவி நிமிர்த்தினாள். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது குழிகள் மறுபடியும் அங்கேயே இருந்தன. புதுப் பெயின்ட் வாடைக்கு அடியிலிருந்து களிம்பும் வியர்வையும் ஊறிய பழைய மெத்தையின் மணம் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"கார்பெட்ல நாலு குழி விழுந்திருக்குடி. கட்டில் கால் அழுத்தின மாதிரி."

"கட்டில் போட்டிருந்தா பதியத்தானே செய்யும். நீயே கஸ்டமர்கிட்ட சொல்வியே."

"கட்டில் போனதுக்கப்புறம்தான் கார்பெட்டே போட்டேன்."

தங்கை, "கிளம்பி இங்க வந்துடுக்கா. பசங்க ரூம்ல படுத்துக்கலாம்," என்றாள்.

"நாளைக்குப் பாக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே, வீட்டில் ஆள் இருக்கிறது என்கிற ஒரு சின்ன ஆறுதலும் ஒளிந்திருந்தது. வெள்ளைச் சுவரில் முதுகு சாய்த்து, குழிகளைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

மரம் முனகியது. புரண்டு படுக்கிற முனகல். எத்தனையோ இரவுகள் அவளை எழுப்பிய அதே சத்தம். அவள் பக்கமிருந்த இரண்டு குழிகளும் இன்னும் கொஞ்சம் ஆழமாயின.

"தூக்கம் வரலையாங்க?"

முனகல் சட்டென்று நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல.

"உங்ககிட்ட பேசியே ரொம்ப நாளாச்சு," என்றாள். "வாங்க. இப்படி வந்து உக்காருங்க."

கட்டிலின் விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் கார்பெட் அமுங்கியது. முதலில் குதிகால். பிறகு பாதம். பிறகு ஐந்து விரல்கள். அவள் கண்கள் நிறைந்தன.

அதன் பக்கத்திலேயே இன்னொரு பாதம் இறங்கியது.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சர்க்கரை நோய் அவருடைய வலது காலை முழங்காலோடு எடுத்துக்கொண்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

அவருக்கு ஒரு கால்தான்.

கோப்பை கவிழ்ந்தது. ஓர் அடி. வாசல் அதைத் தாண்டி அந்தப் பக்கம். இன்னோர் அடி. ஒளிய இடமில்லை. மறைவுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. எல்லாவற்றையும் அவளே வெளியேற்றியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர். சில்லென்ற சுவர்.

இன்னோர் அடி.

களிம்பு மணம் போய்விட்டிருந்தது. பெயின்ட் வாடையும் இல்லை. எந்த மணமும் இல்லை.

பாதங்கள் அவள் முழங்கால்களுக்கு முன்னால் வந்து நின்றன. அசையவில்லை. அவளும் அசையவில்லை. பிறகு அவளுடைய இடப்பக்கம் கார்பெட் மெதுவாக அமுங்கியது. வலப்பக்கமும். உள்ளங்கைகள். விரித்து ஊன்றிய பத்து விரல்கள்.

குனிந்து பார்க்கிறது.

எதிரே வெள்ளைச் சுவரும் ஒற்றை விளக்கும் மட்டுமே தெரிந்தன. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி லேசாக விலகியது, மறுபடியும் விழுந்தது, மறுபடியும் விலகியது.